மலையகத்தில் வீடு வாங்கிக் குடியேறுபவர்களுக்கு: பெயின்ட் பிறகு, கான் முதலில்

மலையகத்தில் வீடு வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கூப்பிடுவது பெயின்ட் பாஸைத்தான். பால் காய்ச்சுகிற நாளுக்குள் சுவரெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை. அந்தக் காசை ஒரு மழைக்காலம் முடியும்வரை தொடாதீர்கள். சரிவில் நிற்கிற வீட்டில் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி தண்ணீர் போகும் வழியைப் பொறுத்தவை. சுவரில் பூஞ்சணம், மழை நாளில் விழுகிற ட்ரிப் சுவிட்ச், மண்ணைத் தாங்க முடியாமல் சாய்கிற கல்லுக்கட்டு, வெடிக்கிற தரை, நாறுகிற மலசலகூடக் குழி, எதைத் தோண்டினாலும் அடியில் தண்ணீர் இருக்கும். வெயில் காலத்தில் பார்த்து வாங்கிய வீட்டில் இவை ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது.

எந்த மழை உங்களுடைய மழை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா, நாவலப்பிட்டிப் பக்கம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழைதான் பரீட்சை. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ் மழை. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று அடிக்கும். அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடும் கூரைத் தகரமும் கவலை. ஒக்டோபர், நவம்பர் மாதத்து இடைப்பருவ மழை எந்தப் பக்கத்தையும் விட்டுவைக்காது. மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29இல் நடந்தது; டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் வந்தது. ஆகவே கீழே சொல்லப்படும் கான் (வடிகால்) வேலைகளை செப்டெம்பருக்குள் முடிப்பது எல்லாருக்கும் பொருந்தும்.

சாவி கைக்கு வந்த அன்று

சாமான் லொறி வருமுன் மூன்று இடங்களைத் தேடிப் பிடியுங்கள்: மெயின் சுவிட்ச், தண்ணீர் மெயின் வால்வு, மலசலகூடக் குழியின் மூடி. மூன்றாவதைப் பலர் தேடுவதே இல்லை. பிறகு அதற்கு மேலேயே சீமெந்து போட்டு முற்றம் கட்டிவிடுவார்கள். குழி நிறைந்து பவுசர் வருகிற நாளில் முற்றத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

மின்மானி, தண்ணீர் மானி இரண்டையும் போனில் படம் எடுங்கள். பழைய நிலுவை யாருடையது என்ற வாக்குவாதத்தை அந்தப் படம் முடித்துவைக்கும். வெளிக்கதவுப் பூட்டுகளை அன்றே மாற்றுங்கள். முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. பெரும்பாலான பூட்டுகளில் சாவி நுழையும் உருளையை மட்டும் கழற்றி ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோனால் அதே அளவில் புதியது கிடைக்கும்.

காஸ் அடுப்பு இருந்தால் ரப்பர் குழாயும் இரண்டு பக்கத்துக் கிளிப்பும் புதிதாக வாங்குங்கள். பழைய குழாயை வளைத்துப் பாருங்கள்: மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது ஒரு நாளுக்கும் உதவாது. மாட்டியதும் சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவி ரெகுலேட்டரைத் திறங்கள். குமிழி வந்தால் கசிவு. காஸ் காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில்தான் போய்த் தேங்கும். சரிவில் கட்டிய வீடுகளில் குசினி பல சமயம் ஒரு படி கீழே இருக்கும், பின் சுவரோ மண் வெட்டுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருக்கும், காற்றுப் போக வழி இராது. அப்படியான குசினியில் தரை மட்டத்தில் காற்றுத் துவாரம் ஒன்று இருக்க வேண்டும். பால் பொங்க நல்ல நேரம் பார்க்கிறவர்கள் இதையும் அந்த நேரத்துக்கு முன்னமே பார்த்துவிடுவது நல்லது.

கரண்ட்

கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் புதிதாகப் போடுங்கள். சில பழைய வீடுகளில் நில வயர் இணைப்பே அறுந்திருக்கும். வயரிங் பாஸை அழைத்து நிலத்தில் அடித்த கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர் ஊர்களில் முதலில் வாங்கப்படுவது சுடுநீர் ஷவர். பிரச்சினையும் அதிலிருந்தே தொடங்கும். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்புத்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அது சுமார் 6,900 வாட். தண்ணீரை அப்போதைக்கப்போதே சுட வைக்கிற 5.5 கிலோவாட் ஷவர் மட்டும் 24 அம்பியர் இழுக்கும். குசினியில் 2 கிலோவாட் கேத்தலைப் போட்டால் இன்னும் 9. மொத்தம் 33. காலையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுகிற நேரத்தில் வீடு இருண்டு போவதற்குக் காரணம் இதுதான். ஒன்றில் 3.5 கிலோவாட் ஷவர் வாங்குங்கள், அல்லது தண்ணீரைச் சேமித்துச் சுட வைக்கிற 2 கிலோவாட் கீசர் போடுங்கள். எந்த ஷவராக இருந்தாலும் அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர். 5.5 கிலோவாட் என்றால் 6 சதுர மில்லிமீற்றர் வயரும் 32 அம்பியர் பிரேக்கரும் போடச் சொல்லுங்கள். 13 அம்பியர் பிளக்கில் கொழுவினால் சொக்கட் உருகும். அப்படி உருகிய கறுப்புத் தடம் குளியலறை வாசலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று வாங்கிய வீட்டிலும் பாருங்கள்.

மழை நாளில் மட்டும் ட்ரிப் விழுகிறது என்றால் எங்கேயோ வயருக்குள் ஈரம் போகிறது. எல்லா பிரேக்கரையும் இறக்குங்கள், ட்ரிப்பைப் போடுங்கள், பிறகு பிரேக்கரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் கோளாறு. எல்லாவற்றையும் இறக்கியும் ட்ரிப் நிற்காவிட்டால் பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். சாதாரண பிரேக்கர் ஒரு வயரைத்தான் துண்டிக்கும், மற்ற வயரில் உள்ள கசிவு அப்படியே இருக்கும். வெளி விளக்கு, கேட் மணி, மலைப் பக்கத்துச் சுவரில் பதித்த சொக்கட் ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமுழக்கம் கேட்டதும் ரி.வி.யையும் ரவுட்டரையும் பிளக்கோடு கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

குடிக்கிற தண்ணீர்

உங்கள் குழாயில் வருவது யாருடைய தண்ணீர் என்று கேளுங்கள். நீர் வழங்கல் சபையின் தண்ணீரா, நகர சபை அல்லது பிரதேச சபையின் தண்ணீரா, ஊர்ச் சங்கம் நடத்துகிற திட்டமா, அல்லது மேலே ஊற்றிலிருந்து பைப் போட்டு எடுத்ததா? கடைசி இரண்டில் ஒன்றானால் ஊற்று எந்தக் காணியில் இருக்கிறது, பைப் யார் யாருடைய காணிக்குள்ளால் வருகிறது, அதற்கு எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்பதைப் பழைய உரிமையாளர் ஊரைவிட்டுப் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் ஓடிய தண்ணீர் வீடு கைமாறியதும் நின்றுபோவது மலையகத்தில் புதிதல்ல. முடிந்தால் ஊற்றுவரை ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்கள். மேல்பக்கத்தில் மாட்டுத் தொழுவமோ மலசலகூடமோ மருந்தடிக்கிற மரக்கறித் தோட்டமோ இருந்தால் கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், மருந்து போகாது.

உயரத்தைக் கணக்கில் எடுங்கள். 10 மீற்றர் உயர வித்தியாசம் ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். ஊற்று வீட்டுக்கு 60 மீற்றர் மேலே இருந்தால் குழாயில் 6 பார். சாதாரணக் குழாய்களும் ஷவர்களும் மூன்று, நான்கு பாருக்கு மேல் அதிக நாள் தாங்காது. பைப் ஏன் இரவில்தான் வெடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். பகலில் யாராவது தண்ணீர் திறந்துகொண்டே இருப்பதால் அழுத்தம் குறைந்திருக்கும். எல்லாரும் படுத்த பிறகு முழு அழுத்தமும் பைப்பில் வந்து நிற்கும். இதற்கு வழி கனமான பைப் வாங்குவதல்ல. வீட்டுக்கு மேலே 10, 15 மீற்றர் உயரத்தில் மிதவை வால்வு பொருத்திய ஒரு டேங்கை வைத்து, ஊற்றுத் தண்ணீரை அதில் விட்டு, அதிலிருந்து வீட்டுக்கு எடுங்கள். அழுத்தம் அந்த டேங்கிலிருந்து புதிதாகத்தான் தொடங்கும். நிரம்பி வழிகிற தண்ணீருக்கும் கான்வரை ஒரு பைப் போடுங்கள், இல்லாவிட்டால் மண்சரிவுக்கு நீங்களே தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்.

பைப் மேடு ஏறி இறங்குகிற இடத்தில் காற்று சிக்கும். தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டு வருவது அதற்கு அடையாளம். மேட்டின் உச்சியில் ஒரு சிறிய குழாய் வைத்து, காற்றுப் போகும்வரை திறந்து மூடினால் சரியாகிவிடும். வெயிலில் கிடக்கிற பி.வி.சி. பைப் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது மண் அசைகிற சரிவுகளில் வளைந்து கொடுக்கிற கறுப்பு பொலித்தீன் பைப் போடுங்கள்.

வீட்டு டேங்கை முதல் வாரத்திலேயே கழுவுங்கள். தேய்த்துக் கழுவி, அடிச்சேற்றை வெளியேற்றி, நிரப்பிய பின் 1,000 லீட்டருக்கு ப்ளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 150 கிராம். தூளை நேரே டேங்கில் கொட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணித்தியாலம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலே தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் ப்ளீச்சிங் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் முழுவதையும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கல்ல. கடையில் நாட்பட்ட, கட்டி பிடித்த தூள் வீரியம் போனது.

கசிவு பார்க்க: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மானியைப் படியுங்கள், ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி படியுங்கள். எண் நகர்ந்தால் நிலத்துக்கடியில் எங்கோ தண்ணீர் போகிறது. சரிவில் அது பில்லோடு முடிகிற நட்டமல்ல.

முதல் பெருமழை

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. நல்ல மழை பெய்யத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆனதும் குடையும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். உள்ளே இருந்துகொண்டு ஒழுக்குக்குச் சட்டி வைப்பதைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும். கூரைப் பீலி எங்கே நிரம்பி வழிகிறது, மேல் வீட்டுத் தண்ணீர் எந்த இடத்தால் உங்கள் காணிக்குள் இறங்குகிறது, பின் கான் எந்த மூலையில் தேங்குகிறது, கல்லுக்கட்டின் துவாரங்களில் தண்ணீர் வருகிறதா, வருகிற தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பாருங்கள். ஒரு கடதாசியில் வீட்டின் உருவத்தைக் கீறி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்துக் கானில் தொடங்குங்கள். வெட்டிய மண்ணுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நடக்க மூன்று அடியாவது வேண்டும். அந்த இடைவெளி வருடாவருடம் மேலிருந்து விழுகிற மண்ணால் மெல்ல நிரம்பி, கடைசியில் மண் சுவரோடு சேர்ந்து நிற்கும். மண்வெட்டியால் அள்ளி, வீட்டுத் தரை மட்டத்தைவிட அரை அடியாவது கீழே கொண்டுவாருங்கள். இதைச் செய்தாலே பல வீடுகளில் பின் அறையின் ஈரம் பாதி போய்விடும். கான் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். வாட்டம் 100 அடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு அடி. அதற்கு மேல் சரிந்தால் தண்ணீர் வேகமெடுத்துக் கானையே அரிக்கும். சரிவான இடத்தில் படி படியாக இறக்க வேண்டும். கான் திரும்புகிற மூலையில் இரண்டு அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வைத்தால் மண்ணும் இலையும் அதில் தங்கும், அள்ளுவதும் சுலபம்.

கானை சீமெந்தால் பூசுவதா வேண்டாமா என்று கேட்பார்கள். பூசுங்கள். மண் கானில் ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு நிலத்துக்குள்ளேயே இறங்கும், இறங்குகிற இடம் உங்கள் அத்திவாரம். பூசிய கானில் வெடிப்பு விழுந்தால் அடுத்த மழைக்கு முன் அடையுங்கள். வெடித்த கான் இல்லாத கானைவிடக் கெடுதல்: எல்லாத் தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் மண்ணுக்குள் விடும்.

கான் எங்கே போய் முடிகிறது என்பதையும் பாருங்கள். கீழ் வீட்டுக்காரரின் முற்றத்தில் முடிந்தால் அது வழக்குக்குப் போகிற விஷயம். வீதிக் கானுக்கோ ஓடைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மேல் வீட்டிலிருந்து வருகிற தண்ணீருக்கும் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. “அண்ணே, மழைக்கு முதல் கானை ஒருக்கா சேர்ந்து வெட்டிருவோமா?” என்று கேட்டு, நீங்களும் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போனால் முக்கால்வாசிப் பேர் மறுக்கமாட்டார்கள்.

கல்லுக்கட்டு

மண்ணைத் தாங்கி நிற்கிற சுவரைத் தள்ளுவது மண்ணைவிட, அதற்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான். ஆகவே சுவரில் தண்ணீர் வெளியேறத் துவாரம் இருக்க வேண்டும்: 2 அல்லது 3 அங்குல பி.வி.சி. பைப், வெளிப்பக்கம் சற்றுச் சரிந்து, ஐந்தாறு அடிக்கு ஒன்று. இருக்கிற துவாரங்களில் பறவைக்கூடும் வேரும் மண்ணும் அடைத்திருக்கும். ஒரு நீளமான கம்பியால் குத்தித் துப்புரவாக்குங்கள். பெருமழையிலும் எல்லாத் துவாரமும் காய்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே அடைப்பு இருக்கலாம். கலங்கல் தண்ணீர் வந்தால் பின்னால் மண் கரைகிறது.

சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலில் கல்லைக் கட்டி மேலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, சுவரிலேயே பெயின்டால் திகதியோடு எழுதுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளங்கள். அளவு மாறினால் மேசன் பாஸ் போதாது, பொறியியலாளர் ஒருவரைக் காட்ட வேண்டும். வயிறு தள்ளிய சுவரில் புதிதாகத் துளையிடவும் கூடாது, முன்னால் சீமெந்து பூசி மறைக்கவும் கூடாது.

வாகனம் நிறுத்தவோ குசினியைப் பெருப்பிக்கவோ பின் மண்ணின் அடியை வெட்டுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்கிற ஆகப் பெரிய பிழை. சரிவு நிற்பது அந்த அடியில்தான். மண் வெட்டவோ கட்டவோ வேண்டுமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையும் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் எடுங்கள். வெறும் மண்ணாக நிற்கிற வெட்டில் வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்ட வரிசையில் அரை அடிக்கு ஒன்றாக நடலாம்; வேர் நேராகக் கீழே போகும். வாழை நடாதீர்கள். கனம் அதிகம், வேர் மேலோடு நின்றுவிடும்.

வெடிப்பும் எச்சரிக்கையும்

சுவரிலுள்ள ஒவ்வொரு வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். பூச்சில் வலைபோல் ஓடுகிற மயிரிழைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடுகிற வெடிப்பும், படி படியாகக் கல் மூட்டுகளில் இறங்குகிற வெடிப்பும் வேறு. அப்படியானதன் குறுக்கே ஒரு தீப்பெட்டி அளவுக்கு சீமெந்துப் பூச்சு வையுங்கள். அது பிளந்தால் சுவர் இன்னும் அசைகிறது. 5 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

இவற்றில் ஒன்று வந்தாலே அளந்துகொண்டிருக்க நேரமில்லை: வீட்டுக்கு மேலே மண்ணில் புது வெடிப்பு, நேராக நின்ற மரமோ லைட் கம்பமோ சாய்வது, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுவது, ஊற்று திடீரென்று கலங்குவது, நின்றுபோவது, அல்லது இல்லாத இடத்தில் தண்ணீர் பீறிடுவது. மழை பெய்துகொண்டிருக்கும்போது இவற்றில் எதைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திராமல் வெளியேறுங்கள்.

மண்சரிவு அறிவித்தல் மூன்று நிலையில் வரும்: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேற்றம். மழையின் அளவாகச் சொன்னால் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150. அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வருகிற அறிவித்தல் உங்கள் மலையின் மழையைச் சரியாகச் சொல்லாது. பக்கத்துக் கணவாயில் தூறல், இங்கே கொட்டு என்பது மலையகத்துக்குச் சாதாரணம். அடியும் வாயும் ஒரே அகலமான, நேர்ச் சுவருள்ள பிஸ்கட் டின் ஒன்றைக் கூரையும் மரமும் இல்லாத வெளியில் வையுங்கள். காலை எட்டரைக்கு உள்ளே அளவுகோலை நிறுத்தினால் நீரின் உயரம் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மழை. குறித்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். ஊரிலுள்ள பாதுகாப்பான இடம் எது, ஓடையைக் கடக்காமல் அங்கே போகிற வழி எது என்பதை ஜி.எஸ். (கிராம சேவகர்) அவர்களிடம் வெயில் நாளிலேயே கேட்டு, பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து எல்லாம் ஒரே பையில், பொலித்தீனில். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

ஈரச் சுவர், பிறகு பெயின்ட்

சுவரில் ஈரம் என்றதும் ஹாட்வெயார் கடையில் வாட்டர் புரூஃப் வாளி ஒன்றைக் கையில் தருவார்கள். வாங்குமுன் ஒரு சோதனை. ஒரு அடி சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டை ஈரமான இடத்தில் நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: கான், மண், பைப் கசிவு, கூரை ஆகியவற்றைப் பாருங்கள். அறைப் பக்கத்தில் மட்டும் வியர்த்திருந்தால் அது வீட்டுக்குள் உண்டாகிற ஆவி. அதற்கு வாட்டர் புரூஃப் ஒன்றும் செய்யாது, காற்றோட்டம்தான் மருந்து.

காற்றோட்டத்துக்கும் நேரம் உண்டு. வெயில் ஏறிய பிறகு ஜன்னலைத் திறந்து, பிற்பகல் மூட்டம் இறங்குமுன் மூடுங்கள். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மூட்டம் உள்ளே வந்து கட்டில் மெத்தையில் குடியிருக்கும். அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். கழுவிய துணியை அறைக்குள் காயப் போடுகிறவரை பூஞ்சணம் போகாது. தகரம் போட்ட, இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரம் ஒன்று எந்த பெயின்டையும்விடப் பெறுமதியானது. பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தட்டாதீர்கள், தூள் பறந்து மூச்சில் ஏறும். நீர்த்த ப்ளீச்சிங்கால் நனைத்து, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அதற்கு மாறாக, சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கழுவக் கூடாது. காய்ந்த தூரிகையால் தேய்த்துப் பெருக்குங்கள்.

கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர்களுக்கு சீமெந்துப் பூச்சு ஆகாது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று களிமண்ணை இளக்கும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையுமே அவற்றுக்குப் பொருந்தும். அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் துளையிடுவது, பாசியைக் கம்பித் தூரிகையால் உரசுவது இரண்டையும் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நன்றாக நனைத்து, மூக்கை மறைத்துச் செய்ய வேண்டும். அப்புத்தளை போன்ற காற்றுப் பிடிக்கிற இடங்களில் ஜூனுக்கு முன் தகரத்தின் ஆணி, ஹுக் எல்லாவற்றையும் இறுக்குங்கள், முக்கியமாகக் கூரை விளிம்பில்.

பொலித்தீன் சோதனை காய்ந்து வந்த சுவருக்கு பெயின்ட் அடிக்கலாம்.

குளிரும் நெருப்பும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பும் கடலையும் வேகவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லாமல் பிரஷர் குக்கர் வாங்குங்கள். விடியற்காலைக் குளிரில், முடியப் போகிற சிலிண்டரின் நெருப்பு சிறுத்துப் போகும். அதை அடுப்புக்கருகில் வைத்துச் சூடாக்குவது உயிரோடு விளையாட்டு. அதைவிட ஆபத்து, கரி அள்ளிய சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவை மூடுவது. கரியிலிருந்து வருகிற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழும்ப மாட்டார்கள். குளிருக்குக் கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.

மலசலகூடக் குழி

குழி குடிநீர் ஊற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, ஊற்றைவிடக் கீழே இருக்க வேண்டும். கல்லுக்கட்டுக்குச் சற்று மேலே ஊறுகுழி வெட்டியிருந்தால் அதை இடம் மாற்றுவது செலவானாலும் செய்ய வேண்டிய வேலை. வருடம் முழுக்க அது சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். மழைத் தண்ணீர்ப் பைப்பைக் குழிக்குள் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடதாசி வேலை

உறுதி எழுதியதோடு முடியவில்லை. அது காணிப் பதிவகத்தில் பதிவாகி, பதிவு இலக்கத்தோடு உங்கள் கைக்கு வரவேண்டும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி முளைத்தால் முதலில் பதிவானதே பொதுவாக முந்தும். ஆகவே நொத்தாரிசிடம் நினைவூட்டிக்கொண்டே இருங்கள். பதிவான உறுதியின் பிரதியோடு நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போய் வரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். வருட வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. கரண்ட், தண்ணீர்க் கணக்குகளுக்கு உறுதிப் பிரதி, அடையாள அட்டை, நிலுவையில்லாத கடைசிப் பில் மூன்றையும் கொண்டுபோங்கள். பழையவரின் பெயரிலேயே ஓடட்டும் என்று விட்டால் இணைப்பின் கொள்ளளவை மாற்றும்போதும் முகவரிக்குச் சான்று காட்டும்போதும் அவரைத் தேடி அலைய நேரும்.

ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கும். முதல் மாதத்திலேயே சேர்ந்து சந்தாவைக் கட்டிவிடுங்கள். கோயில் வரி எவ்வளவு என்று அவர்கள் கேட்டு வருமுன் நீங்களே விசாரித்தால் இன்னும் நல்லது. மண்சரிவு எச்சரிக்கை வருகிற இரவில் உங்கள் கதவைத் தட்டப் போகிறவர்கள் இந்தச் சங்கத்து ஆட்கள்தான்.

ஜி.எஸ். அவர்களிடம் குடும்பத்தைப் பதிந்து, வருடாவருடம் நடக்கிற வாக்காளர் இடாப்புத் திருத்தத்தில் இந்த முகவரியில் எல்லார் பெயரும் ஏறுகிறதா என்று பாருங்கள். தரம் 1 அனுமதிக்குப் பாடசாலையில் கடந்த ஐந்து வருட இடாப்புப் பதிவைக் கேட்பார்கள். கைக்குழந்தையோடு குடிவந்தவர்கள் இதை முதல் வருடமே செய்தால்தான் கணக்குச் சரிவரும்.